ஒன்றாம் எண் பார்வையாளரின் செருப்பு

அனுப்புநர்:
ந. பிரதீபா (வயது 17),
த/பெ நல்லமுத்து,
வெள்ளாரங்காடு, முதலமடை வழி,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
வருங்காலக் கலை அருங்காட்சியகத் திட்ட அலுவலகம்,
பாலக்காடு.

பொருள்: வெள்ளாரங்காட்டில் கட்டப்படவுள்ள கலை அருங்காட்சியகம் – ஆராய்ச்சிக்காக நடத்திய ஒத்திகை நடையில் மனுதாரர் செய்த தவறு – அத்தவறை நம்பி வரைபடத்தில் ‘மீள்பாதை’ சேர்க்கப்பட்டது – அதற்காக மாங்காய் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை நிறுத்தி, மறுநடை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர் வாசகசாலைச் சுவரில் 26.02.2026 அன்று ஒட்டப்பட்ட வரைபடமும் அதனுடன் இருந்த தமிழ்ச் சுருக்கமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. அந்த வரைபடத்தில் நான் முதலில் கவனித்தது ஒரு சிறிய புடைப்பு. மாதிரிக் கூடத்துக்குள் நடந்த அறுபத்து நான்கு பேரின் பாதையும் சிவப்புக் கோடுகளாக வரையப்பட்டிருந்தது. ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் நேராகப் போய் நேராகத் திரும்ப, ஒரு கோடு மட்டும் திரும்பி வரும் வழியில், மூன்றாவது மூங்கில் தூணருகே, வலது பக்கம் கொஞ்சம் வீங்கிப் பின் சரியாகியிருந்தது. அங்கேதான் என் இடது கால் பெருவிரல் ஒரு முளையில் இடித்தது. ஒற்றைக் காலில் இரண்டு முறை குதித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று மூன்று மாதமாக நிம்மதியாக இருந்தேன். கூரையில் கேமரா இருந்திருக்கிறது. அரசு ஆவணத்தில் என் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். இப்போது என் குதிப்பும் ஏறிவிட்டது.

2. என்னைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனு புரியாது. நான் பத்தாம் வகுப்பு அரையாண்டோடு படிப்பை நிறுத்தியவள். அம்மாவின் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் விடுப்பு எடுத்தேன். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் நான் பள்ளிக்குப் போகவில்லை. “இவ்வளவு நாள் எங்கே போனாய்” என்று நாற்பது பேர் கேட்பார்களே என்று கூச்சமாக இருந்தது. வறுமை என்று எழுதினால் மனுவுக்குப் பொருத்தமாக இருக்கும். உண்மை அதுவல்ல. இப்போது அம்மா சாந்தம்மாளுடன் மாங்காய் ஷெட்டில் காய்களைத் தரம் பிரிக்கிறேன். மாங்காய் எதையும் கேட்பதில்லை என்பதால் இந்த வேலை எனக்கு ஒத்துப்போகிறது.

3. சென்ற டிசம்பரில், கோயம்புத்தூரிலிருந்து கட்டட வடிவமைப்பு ஆராய்ச்சியாளர் ஜீவிதா அவர்களின் குழு வந்தது. வருங்காலத்தில் கலை அருங்காட்சியகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நகரத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், அதைப் பார்க்கப்போகும் மக்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அதன்படி வரைவதே அவர்கள் நோக்கம். நல்ல நோக்கம். அதற்காக எங்கள் ஷெட்டுக்கு மேற்கே உள்ள புறம்போக்கில் மூங்கிலாலும் வெள்ளைத் துணியாலும் நிஜ அளவில் ஒரு மாதிரிக் கூடம் கட்டினார்கள். மேற்கே ஒரு வாசல் உள்ளே போக, கிழக்கே ஒரு வாசல் வெளியே வர. உள்ளே படங்கள் தொங்கின. ஊர்க்காரர்களும் குழுவினர் இருவருமாக அறுபத்து நான்கு பேருக்கு நெஞ்சில் எண் குத்தி, மூன்று நிமிடத்துக்கு ஒருவராக உள்ளே அனுப்பினார்கள்.

4. முதல் ஆளாகப் போக யாரும் முன்வரவில்லை. நான் எல்லோருக்கும் பின்னால் நிற்கலாம் என்று சுவரை ஒட்டி நின்றேன். வரிசையின் தலை அந்தச் சுவர்ப் பக்கம்தான் தொடங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. அப்படித்தான் எனக்கு ஒன்றாம் எண் கிடைத்தது.

5. இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். கூடத்தின் தரையில் புழுதி எழாமல் இருக்கவும் காலடிச் சத்தம் கேட்காமல் இருக்கவும் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். வைக்கோல் எங்கள் ஷெட்டிலிருந்து போனது. கட்டுகளைச் சுமந்து கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஐயா, எங்கள் ஊரில் வைக்கோல் பரப்பிய இடத்தில் யாரும் செருப்புக்காலோடு மிதிப்பதில்லை. வைக்கோல் மேல் மாங்காய் இருக்கும். செருப்பில் ஒட்டிய ஒரு மணல் வைக்கோலில் விழுந்தால், காய் உருளும்போது தோலில் கீறல் விழும். லாரி வடக்கே போய்ச் சேர்வதற்குள் அந்தக் கீறல் கறுத்துவிடும். இது சாமி காரியம் இல்லை, வேலைக் காரியம். ஆனால் சாமிக்கும் வேலைக்கும் கால் வித்தியாசம் பார்ப்பதில்லை. வாசலில் வைக்கோலைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பை விட்டுவிட்டது. அங்கே ஒரு மாங்காய்கூட இல்லை என்பதை நான் உள்ளே போன பிறகுதான் கவனித்தேன்.

6. எனக்குப் பின்னால் இரண்டாம் எண்ணாக வந்தவர் பொங்கியண்ணன். பதினைந்து ஏக்கர் மாந்தோப்புக்காரர். ஏன் கழற்றினீர்கள் என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். (நான் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கச் சொல்லி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.) “முன்னால போற புள்ளயே கழட்டிப்போட்டுப் போகுது, நான் போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்குமுங்க?” என்றார். மூன்றாவதாக வந்த அம்மா, “ரெண்டு சோடி கெடக்குது, அப்புறமென்ன கேள்வி” என்று கழற்றியிருக்கிறார். நான்காமவர் மூன்று ஜோடியைப் பார்த்தார். மாலைக்குள் வாசலில் செருப்புக் குவியல் கல்யாண மண்டபம்போல் ஆகிவிட்டது. வாழ்க்கையில் என்னைப் பார்த்து நாலு பேர் நடக்க வேண்டும் என்று என் அப்பா ஆசைப்படுவார். அறுபது பேர் நடந்துவிட்டார்கள்.

7. உள்ளே போனவர்கள் படங்களைக் கடந்து கிழக்கு வாசலுக்கு வந்து திரையை விலக்கினார்கள். வெளியே நெருஞ்சி முள். செருப்போ மேற்கு வாசலில். பொங்கியண்ணன் முள்ளைப் பார்த்தார், தன் பாதத்தைப் பார்த்தார், வந்த வழியே திரும்பினார். எல்லோரும் அப்படியே. இதுதான் ஐயா நடந்தது. ஆனால் தமிழ்ச் சுருக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: “இப்பகுதி மக்கள் ஒரு படத்தை ஒருமுறை பார்த்து நிறைவடைவதில்லை. அறுபத்து நால்வரில் அறுபத்தொருவர் வெளிவாசல் வரை சென்றும் வெளியேறாமல், மீண்டும் படங்களின் வழியே திரும்பினர். இம்மீள்நடை இம்மண்ணின் கலை ரசனைக்கே உரியது.” வாசகசாலையில் இதை ஒருவர் சத்தமாகப் படித்தபோது கூடியிருந்தவர்கள் பெருமைப்பட்டார்கள். நான் மட்டும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

8. திரும்பி வராத மூவரையும் தயவுசெய்து கவனிக்கவும். இருவர் ஆராய்ச்சிக் குழுவினர், செருப்பைக் கழற்றாதவர்கள். மூன்றாமவர் எங்கள் ஷெட்டை நடத்தும் வியாபாரி பாசில் அண்ணன். அவர் எப்போதும் ஷூ போடுபவர். கயிறு அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே உள்ளே போய், அப்படியே வெளியே போய்விட்டார். சுருக்கத்தில் இம்மூவரும் “கலை ஆர்வம் குறைந்த பார்வையாளர்கள்” என்று குறிக்கப்பட்டுள்ளனர். பாசில் அண்ணனுக்கு இதில் மிகுந்த வருத்தம். “அந்தப் பக்கமா வெளிய போனது குத்தமா? அத்தனை படத்தையும் நின்னு பாத்தனே!” என்று ஷெட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

9. இது வேடிக்கையோடு முடிந்திருந்தால் நான் மனு எழுதியிருக்க மாட்டேன். அறுபத்தொரு பேரின் ரசனையை மதித்து, புதிய வரைபடத்தில் கிழக்கு வாசலை அடைத்து, அங்கிருந்து சுற்றித் திரும்ப ஒரு நீண்ட ‘மீள்பாதை’ சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்குக் கிழக்கே இடம் வேண்டும். கிழக்கே இருப்பது எங்கள் ஷெட். மார்ச் 31-க்குள் காலி செய்யும்படி பாசில் அண்ணனுக்கு அறிவிப்பு வந்துவிட்டது. மார்ச் கடைசி என்றால் முதலமடையில் காய் வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம். ஷெட்டில் பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறோம். ஷெட்டைக் கொல்லங்கோட்டுக்கு அப்பால் மாற்றினால் இரண்டு பஸ் மாற வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் நான்கு பேரும், ஆபரேஷனுக்குப் பிறகு அதிக நேரம் நிற்க முடியாத என் அம்மாவும் போக முடியாது. அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. செருப்புதான் காரணம் என்பது அம்மாவையும் பொங்கியண்ணனையும் தவிர வேறு யாருக்கும் இன்னும் உறைக்கவில்லை. இந்த மனு வழியாகத்தான் தெரியப்போகிறது.

10. இதை ஜீவிதா அவர்களிடமே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். மூன்று முறை போனேன். முதல் முறை அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை டீ கொடுத்தார், குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “ஏ, நீதான ஒன்னாம் நம்பரு! உன்னாலதான் எங்க டிசைனே மாறுச்சு, தெரியுமா?” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் என் கையைக் குலுக்கியதில்லை. “நல்லாருக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நடை முடிந்த அன்று எப்படி இருந்தது என்று கேட்டதற்கும் அதைத்தான் சொன்னேன். “பங்கேற்பாளர் முழு நிறைவு தெரிவித்தார்” என்று அது அச்சாகியுள்ளது. அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். அவர் பார்த்தது கூரையிலிருந்து. கூரையிலிருந்து பார்த்தால் தலை தெரியும், செருப்பு தெரியாது.

11. வேறு இரண்டு முடிவுகளையும் திருத்த வேண்டியுள்ளது.

“பார்வையாளர்களின் பார்வை பெரும்பாலும் தரையிலேயே இருந்தது” என்று கூறி, சில படங்களைத் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைக்கத் திட்டமிட்டுள்ளனர். வைக்கோலில் வெறுங்காலோடு நடப்பவர் தரையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பார்? மூங்கில் சிம்பு குத்தும். (பார்க்காததால் எனக்கு முளை இடித்தது.) மேலும், கண்ணாடிக்கு அடியில் ஒரு முகம் இருந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் அதன்மேல் கால் வைக்க மாட்டார்கள். அனைவரும் ஓரமாக ஒட்டிக்கொண்டு போவார்கள். அதைக் கூரையிலிருந்து பார்த்து என்ன எழுதுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

“இருக்கைகளை எவரும் பயன்படுத்தவில்லை” என்று நான்கு பெஞ்சுகளையும் நீக்கிவிட்டார்கள். அந்தப் பெஞ்சுகளின்மேல் வெள்ளைத் துணி விரித்து, படங்களுக்கு ஒட்டியதுபோலவே எண்ணும் ஒட்டியிருந்தது. நாங்கள் அவற்றையும் கலைப்பொருள் என்று நினைத்து நின்று பார்த்தோம். அம்மாவுக்குக் கால் வலி. இருந்தும் பன்னிரண்டாம் எண் பெஞ்சைச் சுற்றிப் பார்த்து, “கால் சன்னமா இருந்தாலும் வேலைப்பாடு பரவால்ல” என்று சொல்லிவிட்டு நின்றே வந்தார்.

12. இந்தப் பத்தியை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இது என் மனுவுக்கு எதிரானது. கடைசித் தடுப்பருகே நான் பதினொரு நிமிடம் நின்றதாக வரைபடத்தில் ஒரு பெரிய சிவப்புப் புள்ளி இருக்கிறது; “ஆழ்ந்த ஈடுபாடு” என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. முதல் நான்கு நிமிடம் எந்த ஈடுபாடும் இல்லை. வெளிவாசலில் நாற்காலி போட்டு ஆண்கள் ஆறு பேர் டீ குடித்துக்கொண்டு, வருபவரிடம் கருத்துக் கேட்கக் காத்திருந்தார்கள். நான் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணியிடுக்கு வழியாக அவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று பார்த்தபடி நின்றேன். அவர்கள் எழவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த் திரும்பினேன். முன்னால் அந்தப் படம் இருந்தது.

முழுக்கப் பச்சை. ஆள் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. வெறும் பச்சை. ஷெட்டில் என் வேலையே பச்சையைப் பிரிப்பதுதான்: இந்தப் பச்சை இரண்டு நாளில் பழுக்கும், இது நாலு நாள், இது ஏழு நாள் தாங்கி டெல்லி போகும். நான் எண்ண ஆரம்பித்தேன். அந்தப் படத்தில் ஒன்பது பச்சை இருந்தது. ஷெட்டில் நான் ஏழுக்கு மேல் பார்த்ததில்லை. எட்டாவதும் ஒன்பதாவதும் எத்தனை நாளில் பழுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் பற்றி யாரும் என்னிடம் கேள்வி கேட்காமல் நான் நின்றது அதுதான் முதல் முறை. எனக்குப் பின்னால் மூன்று பேர் கடந்து போனது தெரியவே இல்லை.

ஆகவே அறுபத்தொரு பேரில் அறுபது பேரின் மீள்நடை செருப்புக்காக. ஒருத்தியுடையது பாதி செருப்புக்காக, பாதி அப்படி இல்லை. இதை மறைத்துவிட்டு, மற்றவர்கள் நடையைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நான் சொல்வது நியாயமாக இருக்காது.

13. அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். அந்தப் பச்சையை மறுபடி பார்க்க வேண்டும். அம்மாவை அதன் முன் எண் ஒட்டாத ஒரு பெஞ்சில் உட்கார வைக்கவும் வேண்டும். ஷெட்டும் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க இடம் போதும், நடுவில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வராமல் இருந்தால்.

14. எனவே கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

அ) மாதிரிக் கூடம் மார்ச் 13 வரைதான் நிற்கும், பிறகு அதைப் பிரித்து, அடுத்த ஒத்திகை நடைக்காக மலையில் உள்ள பள்ளிவாசல் என்ற ஊருக்குக் கொண்டு போகிறார்கள். அதற்குள் அதே ஆட்களை வைத்து ஒரு மறுநடை நடத்த வேண்டும். வைக்கோல் வேண்டாம். வேண்டும் என்றால், மேற்கு வாசலில் கழற்றும் செருப்பைக் காய் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கிழக்கு வாசலில் கொண்டு போய்ச் சேர்க்க ஏற்பாடு செய்தால் போதும். பெட்டி எங்கள் ஷெட்டில் இருக்கிறது. தூக்க நான் இருக்கிறேன். இதை வேலைக்கான விண்ணப்பமாகக் கருத வேண்டாம்.

ஆ) மறுநடையின் முடிவு தெரியும் வரை ஷெட்டைக் காலி செய்யும் அறிவிப்பை நிறுத்தி வைக்க வேண்டும். எல்லோரும் கிழக்கு வாசல் வழியே வெளியேறினால், மீள்பாதையைக் கைவிட்டு அந்த வாசலைத் திறந்தே வைக்க வேண்டும்.

இ) பெஞ்சுகளைத் திரும்பப் போட வேண்டும். படங்களைச் சுவரிலேயே மாட்ட வேண்டும்.

ஈ) பள்ளிவாசலில் நடத்தும் முன், அங்குள்ளவர்கள் காலில் என்ன போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் சித்தி அங்கே எஸ்டேட்டில் இலை பறிக்கிறார். அவர்கள் மழைக்கால பூட்ஸ் போடுபவர்கள். அதைக் கழற்ற ஒரு ஆளும் மாட்ட இரண்டு ஆளும் வேண்டும். அதைப் பார்த்து மலையில் எல்லோரும் கூட்டாகத்தான் கலை பார்ப்பார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

உ) இதனால் ஜீவிதா அவர்களுக்கு எந்தக் கெட்ட பெயரும் வரக் கூடாது. தவறு ஒன்றாம் எண்ணுடையது.

15. விசாரணைக்கு அழைத்தால் நேரில் வருவேன். ஆனால் தங்கள் கேள்விக்கு நான் “நல்லாருக்குங்க” என்று சொன்னால், தயவுசெய்து அதைப் பதிலாக எழுதிக்கொள்ள வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து ஐந்து நிமிடம் தனியாக விட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

பதினெட்டுப் பேரின் வேலை இந்த வாரத்தில் தாங்கள் போடும் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. தாமதமின்றி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வெள்ளாரங்காடு
நாள்: 09.03.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ந. பிரதீபா
ஒத்திகை நடை எண்: 1

இணைப்பு: வரைபடத்தின் நகல். புடைப்பு பேனாவால் வட்டமிடப்பட்டுள்ளது.

பின்குறிப்பு: மேலே உள்ளதை வீட்டில் எழுதினேன். இதைத் தங்கள் அலுவலக வராந்தாவில் எழுதுகிறேன். அம்மா கூட வரவில்லை. காய் லாரி வந்துவிட்டது. நான் வந்தபோது வாசலில் அப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்த பிறகுதான், மனு கொடுப்பவர்கள் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த பெரியவர் ஒருவரும் ஒரு டீச்சரும் என் செருப்புக்குப் பக்கத்தில் தங்கள் செருப்பையும் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

அவர்களிடம் போய்ச் சொன்னேன். பிறகு மூன்று ஜோடியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் வைத்தேன்.